ஊரான் வீட்டு ஜன்னல்

2025 மே மாதம் நியூயார்க்கில் சோத்பீஸ் நிறுவனம் ஒரு மேசை விளக்கை ஏலம் விட்டது. வெண்கலச் சட்டம், வண்ணக் கண்ணாடியாலான கூரை, இரண்டு கால்கள். ஏற்றி வைத்தால் ஒரு சின்ன வீட்டுக்குள் யாரோ விழித்திருப்பது போலத் தோன்றும். போன விலை 75 லட்சம் டாலர். இதே விளக்கு 2002-ல் ஏலத்துக்கு வந்தபோது சுமார் 20 லட்சம் டாலருக்குத்தான் போயிருந்தது.

விளக்கை வடிவமைத்தவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட். இல்லினாய் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் சூசன் லாரன்ஸ் டேனா என்ற செல்வச் சீமாட்டிக்காக 1902 முதல் 1904 வரை அவர் கட்டிய வீட்டுக்கென்றே செய்த விளக்கு அது. வீடு இன்றும் அங்கே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அந்த விளக்குதான் அங்கே இல்லை.

அதே ரைட்டின் கண்ணாடி வடிவங்களை அச்சிட்ட காபிக் கோப்பையும் கழுத்துத் துணியும் குடையும் அமெரிக்க அருங்காட்சியகக் கடைகளில் எப்போதும் கிடைக்கும். ஜன்னலில் தொங்கவிடும் சின்னக் கண்ணாடித் தகடு, மேசை விளக்கின் நகல், தரைவிரிப்பு, தலையணை உறை, ஜன்னலில் ஒட்டும் ஃபிலிம் என்று வரிசை நீளும். பழைய கட்டடங்களின் வண்ணக் கண்ணாடியைப் பார்த்து வீட்டை அலங்கரிப்பது உலகெங்கும் பெரிய வியாபாரம். கலை தெரிந்தவர்கள் பலருக்கு இந்தக் கோப்பையையும் குடையையும் கண்டால் ஆகாது. மகத்தான ஒரு கலையைச் சந்தைப் பொருளாக்கிவிட்டார்களே என்பார்கள்.

அவர்கள் கோபம் ஆளை மாற்றிப் பாய்கிறது. கோப்பை வாங்கியவர் எந்த வீட்டையும் குறைத்துவிடவில்லை. அந்தக் கடைகளில் வரும் காசில் ஒரு பகுதி பழைய வீடுகளின் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்ளவும் உதவுகிறது. வீட்டிலிருந்து கழற்றிய அசலுக்கு ஏலத்தில் கை தூக்குபவரைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும். அதற்கு முன், அந்தக் கண்ணாடி என்ன வேலை செய்தது என்று பார்த்துவிடலாம்.

ரைட் 1867-ல் பிறந்து 1959-ல், 91 வயதில் இறந்தவர். தொழில் வாழ்க்கையின் முதல் முப்பது, முப்பத்தைந்து வருடங்களில் 4,000-க்கும் மேற்பட்ட வேலைப்பாட்டு ஜன்னல்களை வரைந்திருக்கிறார். தன் ஜன்னல்களை அவர் வெளிச்சத் திரைகள் என்று அழைத்தார். வெறும் பெயர் அலங்காரமில்லை அது. அவருக்குத் துணித் திரைச்சீலை பிடிக்காது. ஜன்னலுக்கு ஒரு துணியைக் கட்டி வெளிச்சத்தையும் மறைத்து வெளியையும் மறைப்பதற்கு, ஜன்னல் எதற்கு? கண்ணாடியிலேயே கோடுகளையும் நிறத் துணுக்குகளையும் அளவாக நெருக்கினால் தெருவில் போகிறவர் கண் உள்ளே நுழையாது. உள்ளே இருப்பவருக்கோ மரமும் வானமும் தெரியும். திரைச்சீலையின் வேலையைக் கண்ணாடியே செய்துவிடும்.

இதைச் சாத்தியமாக்கியது ஒரு சாதாரண உலோகப் பட்டை. வண்ணக் கண்ணாடி ஜன்னல் என்பது ஒரே கண்ணாடியில் வரைந்த படமல்ல. துண்டு துண்டாக வெட்டிய கண்ணாடிகளை, இரண்டு பக்கமும் பள்ளம் உள்ள ஒடுக்கமான பட்டைகளில் செருகி, பட்டைகள் சந்திக்கும் மூட்டுகளில் சால்டர் வைத்துப் பற்றவைத்து, இடுக்குகளில் பட்டி அடைத்துச் செய்வது. ஐரோப்பியத் தேவாலயங்களில் பல நூறு ஆண்டுகளாக இந்தப் பட்டை ஈயத்தில்தான் இருந்தது. ஈயம் மெத்தென்றது, கையால் வளைக்கலாம். புனிதர்களின் அங்கி மடிப்பையும் தேவதையின் இறக்கையையும் சுற்றி வளைந்து போக அதுதான் தோது. ஆனால் அதை நீளமாக, நேராக நிறுத்தினால் நாளடைவில் தன் பாரம் தாங்காமல் தொய்ந்துவிடும். ரைட் பெரும்பாலும் துத்தநாகத்தையும் பித்தளை, செம்புப் பட்டைகளையும் எடுத்துக்கொண்டார். துத்தநாகம் விறைப்பானது. நேராக நிற்கச் சொன்னால் நிற்கும். மெல்லிய பட்டை ஒன்று, தடித்த பட்டை ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்தால், பேனாவை லேசாகவும் அழுத்தியும் இழுத்த கோடுகள் போல ஜன்னல் முழுக்க ஓவியம் வந்துவிடும். அவருடைய ஜன்னல்களில் சதுரமும் முக்கோணமும் நெடுங்கோடுகளும் நிறைந்திருப்பதற்கு அவருடைய ரசனை பாதிக் காரணம் என்றால், துத்தநாகம் மீதிக் காரணம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ரைட்டின் ஜன்னல்களில் நிறம் குறைவு. பெரும்பகுதி தெளிந்த வெறும் கண்ணாடி. அதன் நடுவே பொன்னிறத்தில் ஒரு துணுக்கு, இலைப் பச்சையில் ஒரு துணுக்கு, மயில் கழுத்தைப் போலக் கோணத்துக்குக் கோணம் மினுமினுப்பு மாறும் கண்ணாடி கொஞ்சம். பூவையும் பறவையையும் அச்சு அசலாகக் கண்ணாடியில் வரைவது அவருக்கு எரிச்சலூட்டும். வெளியே நிஜ மரம் நிற்கும்போது உள்ளே கண்ணாடியில் ஒரு பொய் மரம் நின்றால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்பது அவர் கட்சி. டேனா வீட்டின் ஜன்னல்களுக்கு அந்தப் பகுதியில் விளையும் சுமாக் செடிதான் ஆதாரம். ஆனால் செடியை அங்கே தேடினால் கிடைக்காது. அடுக்கடுக்காக மடங்கும் இலையின் கணக்கு மட்டும்தான் இருக்கும்.

சிகாகோ அருகே ஓக் பார்க்கில் 1908-ல் கட்டி முடிக்கப்பட்ட யூனிட்டி டெம்பிள் தொழுகைக் கூடத்துக்கு வேறு கணக்கு. அங்கே கூரையில் 25 சதுரக் கண்ணாடிப் பலகைகள், எல்லாமே தேன் நிறம். வெளியே மழை மூட்டமாக இருந்தாலும் உள்ளே வெயில் விழுவது போல ஒரு பொன்னொளி நிற்கும். அதே ஊரில் ரைட் தனக்கென்று கட்டிக்கொண்ட வீட்டின் சாப்பாட்டு அறையிலோ, 1895 வாக்கிலேயே, கூரையில் மரச் சல்லடை ஒன்றைப் பொருத்தி அதன் பின்னால் மின்விளக்கை ஒளித்து வைத்துவிட்டார். இன்று நம் அடுக்குமாடி வீடுகளில் ஃபால்ஸ் சீலிங் போட்டு எல்.இ.டி. பலகை மாட்டுகிற ஒவ்வொருவரும் தெரியாமலே அந்தச் சாப்பாட்டு அறைக்குக் கடன்பட்டவர்கள். கடனைத் திருப்பித் தரும் லட்சணம் வேறு விஷயம்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு மறுபடி கடைச் சரக்கைப் பார்த்தால் எது தேறும், எது தேறாது என்பது தானாகவே தெரியும். தலையணை உறையில் ரைட்டின் ஜன்னல் அச்சிட்டிருந்தால் அது நல்ல கோலம் போட்ட தலையணை உறை. அவ்வளவே, அதில் தவறில்லை. மேசை விளக்கின் நகல் அதைவிட மேல். அங்கே வெளிச்சம் உண்மையிலேயே கண்ணாடிக்குள் நுழைந்து வெளியே வருகிறது. ஜன்னலில் தொங்கவிடும் தகடும் காலை வெயிலில் தரையில் ஒரு கட்டம் பச்சையைப் போட்டுக் காட்டும். ஒட்டும் ஃபிலிம்தான் சோதனை. ஜன்னல் முழுக்க, விளிம்பு முதல் விளிம்பு வரை, சிவப்பும் நீலமுமாகப் பூப்போட்ட ஃபிலிமை ஒட்டிவிட்டுப் பட்டப்பகலில் அறைக்குள் விளக்குப் போட்டு உட்கார்ந்திருக்கும் வீடுகள் உண்டு. வெளிச்சத் திரை என்று பெயர் வைத்த மனிதர் பார்த்தால் மனம் நொந்துபோவார். நேரடி மேற்கு வெயிலில் அடர்நிற ஃபிலிம் சூட்டை உறிஞ்சிக்கொண்டு, பதப்படுத்தாத சாதாரணக் கண்ணாடியை விரிசல் விடவும் வைக்கும்.

ரைட்டின் ஜன்னல்களில் உலகமே அறிந்தது நியூயார்க் மாநிலம் பஃபலோ நகரில் இருக்கிறது. லார்கின் சோப்பு கம்பெனியின் உயரதிகாரி டார்வின் மார்ட்டினுக்காக 1903-ல் தொடங்கி 1905-ல் முடித்த வீடு. ஏறக்குறைய 400 வேலைப்பாட்டு ஜன்னல்கள். அவற்றில் ஒன்றை இன்று ‘உயிர்மரம்’ என்று அழைக்கிறார்கள்; ரைட் வைத்த பெயரல்ல அது. ஒடுக்கமான தண்டுகள், கூர்மையாக மடங்கும் இலைகள், தொட்டிகளைப் போலச் சதுரங்கள். ஒரே ஜன்னலில் 750-க்கும் மேற்பட்ட கண்ணாடித் துண்டுகள். அத்தனையையும் கையால் வெட்டி, வரிசை பிசகாமல் பட்டையில் கோத்தவர்கள் சிகாகோவின் லிண்டன் கண்ணாடி நிறுவனத்துத் தொழிலாளர்கள். அவர்கள் பெயர் எந்தக் கோப்பையிலும் இல்லை.

1929 பங்குச்சந்தைச் சரிவில் மார்ட்டினின் செல்வம் கரைந்தது. 1935-ல் அவர் இறந்தார். 1937-ல் குடும்பம் வீட்டை விட்டுப் போனது. அடுத்த 17 ஆண்டுகள் அந்த மாளிகை பூட்டியே கிடந்தது. பூட்டிக் கிடக்கும் வீட்டில் என்ன நடக்குமோ அது நடந்தது: பனி, ஈரம், திருட்டு. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. 1960களின் தொடக்கத்தில் வண்டிக் கொட்டகையையும் செடிகள் வளர்த்த கண்ணாடி மண்டபத்தையும் அவற்றை வீட்டோடு இணைத்த தூண் நடைபாதையையும் இடித்துவிட்டு அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டினார்கள்.

1992-ல் வீட்டை மீட்க ஓர் அமைப்பு உருவானது. அடுக்குமாடியை வாங்கி இடித்தார்கள். இடித்ததை மறுபடி கட்டினார்கள். 2007-ல் அந்த மூன்றும் திரும்ப நின்றன. நடுக்கூடத்துக் கணப்பில் ரைட் வைத்திருந்த விஸ்டீரியா பூங்கொடிக் கண்ணாடி மொசைக் முழுவதும் அழிந்துபோயிருந்தது. அதையும் துணுக்குத் துணுக்காகப் புதிதாகச் செய்து 2017-ல் பதித்தார்கள். வெளியே போன ஜன்னல்களில் கிடைத்தவற்றை மீட்டார்கள். கிடைக்காத இடத்தில் நகல் வைத்தார்கள். அந்த வீட்டுக்குப் போகிறவர் பார்ப்பது அசலும் நகலும் கலந்த ஒன்று. அசல் வேறெங்கோ ஒரு வரவேற்பறையில் தொங்க, அது பிறந்த வீட்டில் நகல் நிற்கிறது.

நகலை இழிவாகப் பேசுகிறவர்கள் இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். பஃபலோவில் அந்த நகல் காலை வெயிலை வாங்குகிறது, தெருவை மறைக்கிறது, மரத்தைக் காட்டுகிறது. ஒரு ஜன்னல் செய்ய வேண்டிய வேலை மொத்தத்தையும் அதுதான் செய்கிறது.

சிகாகோவுக்கு வெளியே ரிவர்சைடில் கூன்லி தம்பதியர் 1912-ல் ஒரு குழந்தைகள் பள்ளிக்கூடம் கட்டினார்கள். ரைட் அதற்கு ஜன்னல் போட்டார். இங்கே மட்டும் அவர் இலையையும் தண்டையும் விட்டுவிட்டார். ஊர்வலம் ஒன்றின் கொண்டாட்டத்தை எடுத்துக்கொண்டார்: பலூன்கள் வட்டங்களாக, காகிதத் துணுக்குகள் சின்னச் சதுரங்களாக, குட்டி அமெரிக்கக் கொடிகள். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் எல்லாம் பளீரென்று. பின்னணி மட்டும் வழக்கம்போல வெறும் கண்ணாடி. பலூன்கள் நிஜ வானத்தில் பறப்பது போலவே தெரியும். ரைட் சிறுவனாக இருந்தபோது அவருடைய தாய் ஃபிரோபலின் மரக்கட்டை விளையாட்டுச் சாமான்களை வாங்கிக் கொடுத்தார். கிண்டர்கார்ட்டன் முறையைத் தொடங்கிய ஜெர்மானியர் ஃபிரோபல். உருண்டை, கனசதுரம், முக்கோணம் என்று கையில் உருட்டி விளையாடியது தன்னை விட்டுப் போகவே இல்லை என்று ரைட் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த விளையாட்டு இந்த ஜன்னல்களில் தெரிகிறது.

குழந்தைகளின் கண்மட்டத்துக்கு மேலே பலூன் விட்ட அந்த மூன்று பெரிய ஜன்னல்கள் இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1967-ல் அங்கே போய்ச் சேர்ந்தன. மற்றவை பல அருங்காட்சியகங்களிலும் தனியாரிடமும் சிதறிவிட்டன. மெட்ரோபாலிடனில் அவற்றைப் பார்ப்பது நல்ல அனுபவம்தான். ஆனால் அங்கே பின்னால் ஓடும் மேகம் இல்லை.

1980களில் ரைட்டின் பொருள்களுக்கு விலை தாறுமாறாக ஏறியது. டாமினோஸ் பீட்சாவைத் தொடங்கிய டாம் மோனகனைப் போன்ற பெரும் பணக்காரர்கள் நாற்காலி, மேசை, ஜன்னல் என்று சேகரிக்க இறங்கினார்கள். விளைவை யாரும் ஊகிக்கலாம். வீட்டின் மதிப்பைவிட வீட்டுக்குள் பொருத்தியிருக்கும் கண்ணாடியின் மதிப்பு உயர்ந்தால், உரிமையாளருக்குத் தன் வீடு ஒரு கிடங்காகத் தெரிய ஆரம்பிக்கும். ஒரு ஜன்னலைக் கழற்றி விற்றால் கூரையைச் செப்பனிடலாம். இரண்டு விற்றால் மகனின் கல்லூரிச் செலவு முடியும். அவர் கெட்டவர் என்று சொல்வதற்கில்லை. கழற்றுவதை லாபமாக்கிய சந்தைதான் கேள்விக்குரியது. ரைட் கட்டடங்களைக் காக்க 1989-ல் ஒரு தனி அமைப்பு தொடங்க வேண்டிவந்தது அந்தச் சூழலில்தான்.

டேனா வீட்டின் கதை நேர் எதிர். சூசன் டேனா கடைசிக் காலத்தில் பணமுடைக்கு ஆளானார். 1944-ல் வீட்டை வாங்கியவர் சார்லஸ் தாமஸ் என்ற பதிப்பாளர். மருத்துவப் புத்தகங்கள் போடுகிறவர். அந்த மாளிகையைத் தன் அலுவலகமாக்கினார். நாற்காலியை மாற்றவில்லை, ஜன்னலைத் தொடவில்லை. ரைட்டின் மேசைகளில் கையெழுத்துப் பிரதிகளும் அச்சுப் படிகளும் அடுக்கியபடி 1981 வரை அந்த நிறுவனம் அங்கேயே வேலை பார்த்தது. பிறகு மாநில அரசு 10 லட்சம் டாலருக்கு வாங்கியது. அங்கே செய்து வைத்த சுமார் 450 கண்ணாடி வேலைப்பாடுகளில் மிகப் பெரும்பாலானவை அதனதன் இடத்திலேயே இருப்பதற்குக் காரணம், ஒரு பதிப்பாளர் சும்மா இருந்ததுதான். 1981-ல் மொத்த வீட்டுக்கும் 10 லட்சம். 2025-ல் அந்த வீட்டு விளக்கு ஒன்றுக்கு 75 லட்சம். பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது.

கழற்றுவது எல்லாமே பாவம் என்று சொல்லிவிடவும் முடியாது. அமெரிக்காவின் இன்னொரு கண்ணாடி மேதை லூயி கம்ஃபர்ட் டிஃபனி. இன்று கடைகளில் வண்ணக் கண்ணாடிக் குடை போட்ட எந்த விளக்கையும் டிஃபனி விளக்கு என்றே விற்கிறார்கள். பெயர் அப்படிப் பொதுச்சொல்லாகிவிட்டது. தும்பி விளக்கு, விஸ்டீரியா விளக்கு போன்றவற்றின் வடிவமைப்பாளர் உண்மையில் கிளாரா டிரிஸ்கால் என்ற பெண்மணி. அவர் வீட்டாருக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்த பின், 2007-ல் நியூயார்க்கில் நடந்த கண்காட்சி அந்த உண்மையை ஊரறியச் செய்தது. டிஃபனி 1933-ல் இறந்தபோது அவர் பாணி பழையதாகிவிட்டிருந்தது; விளக்குகளைக் குப்பையில் போட்டவர்கள்கூட உண்டு. லாங் ஐலண்டில் அவர் தனக்காகக் கட்டிய லாரல்டன் ஹால் மாளிகை 1957-ல் தீப்பிடித்து எரிந்தது. கரிக்குவியலுக்கு நடுவே தப்பிப் பிழைத்த ஜன்னல்களை மெக்கீன் தம்பதியர் வாங்கி ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோனார்கள். வின்டர் பார்க் ஊரின் மோர்ஸ் அருங்காட்சியகத்தில் அவை இன்று இருக்கின்றன. லிட்டில் என்ற குடும்பத்துக்காக ரைட் கட்டிய வீட்டை 1972-ல் இடித்தபோதும் இதேதான் நடந்தது: மெட்ரோபாலிடன் அதன் வரவேற்பறையை அப்படியே பெயர்த்து எடுத்துக்கொண்டது.

செத்துப்போன வீட்டிலிருந்து எடுப்பது வேறு, உயிரோடு இருக்கும் வீட்டிலிருந்து பிடுங்குவது வேறு. பழைய பொருளை விற்பவரும் வாங்குபவரும் இந்த இரண்டையும் வேண்டுமென்றே கலந்துவிடுகிறார்கள். “நான் வாங்கியிருக்காவிட்டால் குப்பைக்குத்தான் போயிருக்கும்” என்பது அந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் சமாதானம். சில நேரம் உண்மை. பல நேரம், வாங்க ஆள் இருக்கிறார் என்று தெரிந்துதான் கழற்றவே ஆரம்பிக்கிறார்கள்.

இது அமெரிக்காக்காரர் கவலை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு ஒரு தடவை போய் வந்தால் போதும். நிலைக்கதவு, தேக்குத் தூண், எனாமல் பாத்திரம், ரவிவர்மா படம், இவற்றுக்கு நடுவே சுவரில் சாய்த்து வைத்த அரைவட்ட மரச்சட்டங்கள். செட்டிநாட்டு வீடுகளின் கதவுக்கும் ஜன்னலுக்கும் மேலே விசிறி விரித்தாற்போல இருக்குமே, சிவப்பும் பச்சையும் நீலமும் மஞ்சளுமாகக் கண்ணாடி பதித்து, அதே சட்டங்கள்தான். வீட்டில் இருந்தவரை அது நாள் முழுக்க வேலை பார்த்தது. உச்சி வெயிலை உள்ளே விடாமல் நிறமாக மாற்றி விட்டது. பொழுது சாயச் சாய அந்த நிறம் தரையில் நகர்ந்துகொண்டே இருக்கும். கடைச் சுவரில் அது தூசி படிந்த அரைவட்டம். அங்கிருந்து ஏதோ ஒரு நகரத்து உணவகத்தின் செங்கல் சுவரில் போய் அறையப்படும். பின்னால் சுவர். முன்னால் ஃபில்டர் காபி. வெளிச்சமே நுழைய வழியில்லாத இடத்தில் ஜன்னலை மாட்டுவதற்கு ‘பாரம்பரியத் தோற்றம்’ என்று பெயர்.

செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியல் ஒரு பக்கம் இருக்க, வீடுகள் இன்னொரு பக்கம் இடிகின்றன. ஒரு வீட்டுக்குப் பத்து இருபது பங்காளிகள். பாதிப் பேர் வெளிநாட்டில். ஓட்டை மாற்ற ஆகும் செலவுக்கு யார் பொறுப்பு என்பதிலேயே வருடங்கள் ஓடிவிடும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இடித்தே தீர வேண்டிய வீட்டை எப்படிக் காப்பாற்றலாம் என்பதற்குச் சென்னை அருகே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா நல்ல உதாரணம். 1996-ல் திறக்கப்பட்ட அந்த வளாகத்தில் ஒரு செட்டிநாட்டு வீடு பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு மறுபடி வீடாகவே நிறுத்தப்பட்டிருக்கிறது. தூண் தூணாக நிற்கிறது, கதவு கதவாகத் திறக்கிறது. துண்டு போட்டு விற்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகம்.

சரி, அசலைத் தொடக்கூடாது, ஆனால் வீட்டில் அந்த அழகு வேண்டும் என்றால்? அதற்கும் செட்டிநாட்டிலேயே பதில் இருக்கிறது. ஆத்தங்குடிப் பட்டறைகளில் தரைக்கல் செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சதுரமான ஒரு கண்ணாடித் தகட்டைத் துடைத்துப் போடுகிறார்கள். அதன்மேல் சட்டம், சட்டத்துக்குள் பூவடிவ உலோக அச்சு. அச்சின் அறை அறையாக, சிவப்புக் கூழை இதில், மஞ்சளை அதில், வெள்ளையை இன்னொன்றில் என்று சிறு கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை மெல்லத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். மேலே மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, காயவிட்டு, தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் கல் கண்ணாடியை விட்டுத் தானாகப் பிரியும். கண்ணாடியில் பட்டிருந்த முகம் பளபளவென்று இருக்கும். தனியாக மெருகு போடத் தேவையில்லை. லிண்டன் நிறுவனத்தார் உலோகப் பட்டைக்குள் கண்ணாடியைக் கோத்ததும், ஆத்தங்குடியார் உலோக அச்சுக்குள் நிறத்தை ஊற்றுவதும் பங்காளி வேலைகள் போலத்தான் இருக்கின்றன.

அந்தக் கல் இன்று சென்னை, கோவை, பெங்களூர் வீடுகளில் புதிதாகப் பதியப்படுகிறது. அதற்காக யாரும் பழைய வீட்டுத் தரையைப் பெயர்க்க வேண்டியதில்லை. பழைய வடிவம், புதிய கல், உயிரோடு இருக்கும் பட்டறை. கண்ணாடிக்கும் இதே வழியைப் பிடிக்கலாம். பெரிய ஊர்களில் தேவாலய ஜன்னல் வேலை தெரிந்த கைகள் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், தெருமுனைக் கண்ணாடிக் கடையில் நான்கைந்து நிறக் கண்ணாடியை அளவுக்கு வெட்டச் சொல்லி, ஆசாரியிடம் மரச்சட்டம் போடச் சொல்லி, பீடிங் அடித்துப் பொருத்தினாலே போதும். செட்டிநாட்டு வீடுகளின் விசிறி ஜன்னல்கள் பெரும்பாலும் அப்படித்தான், மரச் சட்டத்துக்குள் கண்ணாடி. ஈயப் பட்டையில் செய்வதானால், ஈயம் உடம்புக்கு ஆகாதது என்பதால் குழந்தைகள் கைபடாத உயரத்தில் வைக்க வேண்டும்; பெரிய பலகை என்றால் குறுக்கே ஒரு தாங்குகம்பி வேண்டும்.

எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பூஜை அறைக் கதவில் வைத்துப் பின்னால் எல்.இ.டி. போடுவது இப்போதைய வழக்கம். அதைவிடக் கிழக்கு ஜன்னலின் மேல் வென்டிலேட்டரில் வைத்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்குக் கூடத்துத் தரையில் அது என்ன செய்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். ஜன்னல் முழுவதையும் நிறத்தால் அடைக்காதீர்கள். நான்கில் மூன்று பங்கை வெறும் கண்ணாடியாக விட்டாலும் போதும். தெருவைப் பார்த்த ஜன்னல் என்றால் கோடுகளைக் கீழே நெருக்கி மேலே விரித்து விடலாம். திரைச்சீலைக்குச் செலவு மிச்சம்.

காரைக்குடிக் கடையில் ஒரு வண்ணக் கண்ணாடிச் சட்டம் மனதைப் பறித்தால், விலை கேட்பதற்கு முன்னால் அது எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது, அந்த வீடு இன்னும் நிற்கிறதா என்று கேளுங்கள். பிறகு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, அகலத்தையும் உயரத்தையும் குறித்துக்கொண்டு, உங்கள் ஊர்க் கண்ணாடிக் கடைக்காரரிடம் போய்க் காட்டுங்கள்.